முனைக் கம்பம்

குரு என்றால் தாடி வேண்டும், காவி வேண்டும், உட்கார ஒரு மான்தோலாவது வேண்டும் என்று நினைப்பவர்கள் கிளாடிஸ் டீச்சரைப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். திருப்பத்தூருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். நாற்பது வயது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்ததும் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கார் ஷெட்டைத் திறப்பார். உள்ளே கார் கிடையாது. கண்ணாடி தேய்க்கிற மேசைகள்தான் இருக்கும்.

தொலைநோக்கி கடையில் கிடைக்கிறது. ஆனாலும் அதன் கண்ணாடியைத் தன் கையாலேயே தேய்த்துச் செய்ய வேண்டும் என்ற பைத்தியம் சில பேருக்குப் பிடிக்கும். இரண்டு வட்டக் கண்ணாடிகளுக்கு நடுவே உரசும் பொடியும் தண்ணீரும் போட்டு, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து வாரக்கணக்கில் தேய்ப்பார்கள். மேலே இருப்பது குழியும். அந்தக் குழிந்த கண்ணாடிதான் தொலைநோக்கிக்கு உயிர். இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் எப்படியோ விசாரித்துக்கொண்டு டீச்சரிடம் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

பொன்னுரங்கம் அப்படி வந்தவர். டீச்சரைவிட இருபது வயது மூத்த சீடர். மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"இத்தனை நாள் என்ன வேலை பார்த்தீங்க சார்?" என்று டீச்சர் கேட்டார்.

"கரண்டு வேலைதான் டீச்சர். இந்தச் சுத்துவட்டாரத்துல பாதித் தெருவுக்கு லைட்டு போட்டது நான்தான்."

"அப்ப நாங்க இத்தனை வருஷமா திட்டிக்கிட்டு இருந்தது உங்களைத்தானா?"

ஷெட்டில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். வானம் பார்க்கிறவர்களுக்குத் தெருவிளக்கு என்றாலே ஆகாது. இரண்டு பேர் சேர்ந்தால் முதலில் வானத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள், எந்தத் தெருவில் எந்த விளக்கு கண்ணைக் குத்துகிறது என்றுதான் பேசுவார்கள். பொன்னுரங்கமும் சேர்ந்து சிரித்தார். பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"கம்பம் கம்பமா ஏறி இறங்கியிருக்கேன் டீச்சர். அவ்வளவு உசரத்துல நின்னும் ஒரு நாள் மேல பார்த்ததில்ல. கம்பியைத்தான் பார்த்தேன்."

டீச்சர் ஒரு கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

மனிதர் நல்ல சீடர். சொன்னதைச் செய்தார், சொல்லாததையும் செய்தார். கண்ணாடியைத் தேய்த்து முடித்து, மினுக்கி, பளபளக்கும் அலுமினியப் பூச்சு போட அனுப்பிவிட்டு, வீட்டுக் கொல்லையில் அதற்கு ஒரு அறை கட்ட ஆரம்பித்தார். மனைவி மகளின் பிரசவத்துக்கு ஓசூர் போயிருந்ததால் தடுக்க ஆள் இல்லை. நாலு செங்கல் சுவர். மேலே தகரக் கூரை. பெரிய கேட்டுகளுக்கு வைக்கிற சக்கரங்களைக் கூரைக்கு வைத்திருந்தார். பிடித்துத் தள்ளினால் கூரை முழுக்க விலகிக்கொள்ளும், வானம் திறந்துகொள்ளும். நடுவில் தொலைநோக்கி நிற்க ஒரு கான்கிரீட் தூண்.

தூணைச் சுற்றித் தரையில் இரண்டு விரல் இடைவெளி விட்டிருந்தார். கொத்தனார் அதைப் பூசி மூட எவ்வளவோ பார்த்தார். பொன்னுரங்கம் விடவில்லை. தரையில் ஆள் நடந்தால் அதிர்வு வரும். தூண் தரையைத் தொட்டால் அந்த அதிர்வு நட்சத்திரம் வரைக்கும் போய்விடும்.

டீச்சர் வந்து பார்த்தார். ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றித் தூண் மேல் வைத்தார்.

"குதிங்க சார்."

"நானா?"

"நீங்கதான்."

அறுபது வயது மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தங்கு தங்கென்று குதித்தார். டம்ளரில் தண்ணீர் அசையவில்லை.

"நல்லா கட்டியிருக்கீங்க. யார் நடந்தாலும் இதுக்குத் தெரியாது."

குரு வாயால் பாராட்டு வாங்குவது லேசில்லை. பொன்னுரங்கம் அதை அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அறை தயார். கண்ணாடியும் வந்துவிட்டது. சந்திரனைப் பார்த்தார், வியாழனைப் பார்த்தார். அவர் மனசு முழுக்க ஆண்ட்ரோமெடாவில் இருந்தது. நம்முடைய நட்சத்திரக் கூட்டம் போலவே இன்னொரு பெரிய கூட்டம் அது. அங்கேயிருந்து வெளிச்சம் கிளம்பி இங்கே வந்து சேர இருபத்தைந்து லட்சம் வருஷம் ஆகிறது. இதைக் கேட்ட நாளிலிருந்து அவருக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

ஆனால் தெருமுனைக் கம்பத்தில் ஒரு விளக்கு இருந்தது. வெள்ளை வெளேரென்று எரியும். அது கொல்லைச் சுவர் வரைக்கும் வந்து விழும்.

"டீச்சர், ஆண்ட்ரோமெடா தெரியவே மாட்டேங்குது. அந்த லைட்டை என்ன செய்யறது?"

டீச்சர் ஒரு சாயங்காலம் வந்தார். பையிலிருந்து குடைத்துணி ஒன்றை எடுத்து அவர் தலைக்கு மேலே போட்டு, தொலைநோக்கிக் குழாயில் வைத்த கண்ணையும் சேர்த்து மூடினார்.

"இப்ப?"

"மூச்சு முட்டுது."

"கொஞ்சம் பொறுங்க. கண்ணு இருட்டுக்குப் பழகட்டும்."

வெகுநேரம் கழித்துத் துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏதோ பஞ்சு மாதிரி இருக்கு."

"அதான்."

"இவ்வளவுதானா?"

"வீட்டிலிருந்து இவ்வளவுதான் சார். இதுக்கு மேல வேணும்னா ஜவ்வாது மலைக்குப் போகணும்."

டீச்சர் போய்விட்டார். குடைத்துணி ஆணியில் தொங்கியது. ஊருக்கெல்லாம் விளக்குப் போட்டவன் துணிக்குள்ளே தலையை விட்டுக்கொண்டு நிற்க வேண்டுமா என்று பொன்னுரங்கத்துக்கு ரோஷம் வந்தது. ரோஷம் வரும்போது அறிவு ஒரு ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும். அவருக்கும் அப்படித்தான் ஆயிற்று.

மறுநாள் மதியம், பட்டப்பகலில், ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு முனைக்குப் போனார். கம்பத்தில் அவர் கை வைத்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அவர்பாட்டுக்கு ஏறி அந்த விளக்கின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். எதிரே வந்தவர், "ரிட்டையர் ஆகியும் விட மாட்டேங்கிறீங்களே சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டில் கோமளா இருந்தாள். ஷூ கம்பெனியில் தையல் வேலை. சாயங்காலம் இருட்டின பிறகு கம்பெனி பஸ் அவளை முனையில் இறக்கிவிட்டுப் போகும். மூன்று நாள் பார்த்துவிட்டு அவள் வந்து கேட்டாள்.

"அண்ணா, முனை லைட்டு எரியல. உங்க ஆளுங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க."

"சொல்றேம்மா."

அந்த ஒரு வார்த்தை அவருக்கு அப்போது உறுத்தவில்லை.

இருட்டு வந்ததும் வானம் வேறாகிவிட்டது. பஞ்சுத் துண்டு பெரிதானது, நீண்டது. நடுவில் ஒளிர்ந்தது. ஓரத்தில் ஏதோ கருங்கோடு, அந்தக் கூட்டத்தின் தூசிப் பட்டை, இருப்பது போலப் பட்டது. இருந்தது, இல்லாமல் போனது. இன்றைக்குப் பிடித்துவிடலாம், நாளைக்குப் பிடித்துவிடலாம் என்று தினமும் கூரையைத் தள்ளினார்.

பிறகு ஒரு நாள் காலையில் தண்ணீர்க் குழாய் போட ஆட்கள் வந்து முனையில் பள்ளம் வெட்டினார்கள். வெட்டினார்கள், அப்படியே போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள், அப்படியே வீட்டுக்கும் போய்விட்டார்கள். பொன்னுரங்கம் அந்தப் பள்ளத்தைப் பார்த்தார். விளக்கையும் அண்ணாந்து பார்த்தார். ஃபியூஸ் வீட்டில் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. எடுத்து வந்து செருகக் கால் மணி ஆகாது.

இரண்டு நாளில் சாயங்கால வானத்துக்கு நிலா வந்துவிடும், அப்புறம் ஒன்றும் தெரியாது, இன்றைக்கு ஒரு நாள் மட்டும் இருக்கட்டும் என்று திரும்பி வந்தார்.

அன்று சாயங்காலம் வானம் கழுவிவிட்டது போல இருந்தது. கண் பழகியது. பஞ்சின் ஓரத்தில் அந்தக் கருங்கோடு மெல்ல மெல்லத் தெரிய ஆரம்பித்தது. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்.

அப்போது முனையிலிருந்து ஒரு பெண் கத்தும் சத்தம் கேட்டது.

கேட்டது. நன்றாகவே கேட்டது. யாராவது போய்ப் பார்ப்பார்கள் என்று நினைத்தார். கண்ணை எடுத்தால் கோடு போய்விடும், திரும்பப் பிடிக்க வெகுநேரம் ஆகும். அவர் நின்றார். மறுபடியும் சத்தம் வந்தது. "யாராச்சும் வாங்களேன்" என்று கேட்டது. அதற்கும் கொஞ்சம் கழித்துத்தான் அவர் கால் அசைந்தது.

பள்ளத்துக்குள் கோமளா கிடந்தாள். வலது கால் திரும்பியிருந்தது.

அவர்தான் அவளைத் தூக்கினார். அவர்தான் ஆட்டோ பிடித்தார். ஆஸ்பத்திரியில் விடிய விடிய பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். மறுநாள் முனை விளக்கு எரிந்தது. சார் போய்ச் சத்தம் போட்டிருப்பார், அதான் எரியுது என்று தெரு பேசிக்கொண்டது. கோமளாவின் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தெய்வம் மாதிரி வந்தீங்க" என்று அழுதாள். பொன்னுரங்கம் கையை உருவிக்கொள்ள முடியாமல் நின்றார்.

கணுக்கால் எலும்பு இரண்டாகிவிட்டது. தகடு வைத்தார்கள். தையல் மிஷினை மிதிக்கிற கால் அது. பழையபடி மிதிக்க முடியுமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. கம்பெனி அவள் மிஷினில் வேறு பெண்ணை உட்கார வைத்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொன்னுரங்கம் ஷெட்டுக்கு வந்தார். கோமளாவைக் காப்பாற்றிய கதை அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, முடிகிற கட்டத்தில் இருந்த தன் இரண்டாவது கண்ணாடியைத் தேய்க்க உட்கார்ந்தார். மற்றவர்கள் சாப்பாட்டுக்குக் கிளம்பினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. டீச்சர் திரும்பினார்.

"சார், கையைக் கழுவிட்டா உட்கார்ந்தீங்க?"

பொன்னுரங்கம் கையைப் பார்த்தார். முதலில் போடுகிற முரட்டுப் பொடி விரலில் ஒட்டியிருந்தது. மாவு போன்ற கடைசிப் பொடி போட்டுத் தேய்க்கிற நேரத்தில் முரட்டுப் பொடி ஒரு துணுக்குக் கலந்தால் போதும். கண்ணாடியின் குறுக்கே நீளமாக ஒரு கீறல் விழுந்திருந்தது. இத்தனை நாளில் அவர் செய்யாத தப்பு.

"இந்த இடத்தை மட்டும் தேச்சு எடுத்துடறேன் டீச்சர்."

"எடுக்கலாம். அங்கே ஒரு குழி விழும்."

"வெளியே தெரியுமா?"

"கண்ணுக்குத் தெரியாது."

"அப்ப என்ன?"

"அதுல பார்க்கிற நட்சத்திரத்துக்கெல்லாம் வால் முளைச்சிருக்கும்."

பொன்னுரங்கம் கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"டீச்சர், அந்த லைட்டை அணைச்சது நான்."

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். பொன்னுரங்கம் எல்லாவற்றையும் சொன்னார். ஃபியூஸ், "சொல்றேம்மா" என்றது, பள்ளத்தைப் பார்த்தது, பார்த்துவிட்டுத் திரும்பியது. ஒன்றையும் விடவில்லை.

"அவங்க கத்தினப்ப உங்க கண்ணு எங்கே இருந்தது?"

"குழாயில."

"எடுத்தீங்களா?"

அவர் விரலில் ஒட்டிய பொடியைத் துடைத்தார்.

"எல்லாத்தையும் இடிச்சுப் போட்டுடறேன் டீச்சர். தூணு, கூரை எல்லாத்தையும். இனிமே அண்ணாந்து பார்க்க மாட்டேன்."

"இடிச்சா அந்தக் கால் கூடிடுமா?"

"பின்ன என்ன பண்ணட்டும்? சாகிற வரைக்கும் அந்தக் குடும்பத்துக்கு நான் செய்யறேன். அவங்களுக்கு ஏன்னு தெரிய வேண்டாம். வெளியே தெரியாம செஞ்சுக்கிட்டே இருக்கேன்."

டீச்சர் கீறலின் மேல் விரலை வைத்தார்.

"இந்த இடத்தை மட்டுமா சார்?"

பொன்னுரங்கம் அவர் முகத்தைப் பார்த்தார்.

"வேற வழி?"

"முரட்டுப் பொடிக்குத் திரும்பிப் போகணும். முதல்லேருந்து தேய்க்கணும். கீறல் எவ்வளவு ஆழமோ, அவ்வளவு ஆழத்துக்கு முழுக் கண்ணாடியையும் இறக்கணும்."

வெளியே யாரோ ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். பொன்னுரங்கம் எழுந்து கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

"நீங்களும் வர்றீங்களா டீச்சர்?"

"வர்றேன்."

மறுநாள் சாயங்காலம் அவர்கள் போனபோது கோமளா கட்டிலில் சுவரோரம் சாய்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கால் தலையணை மேல் இருந்தது. அவர்களைப் பார்த்ததும் எழ முயன்றாள்.

"வாங்கண்ணா. அண்ணன் வீட்டுக்கு வர்ற டீச்சரா, வாங்க. அண்ணன் மட்டும் அன்னிக்கு வரலைன்னா நான் அங்கேயே கிடந்திருப்பேன் டீச்சர்."

பொன்னுரங்கம் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். ஷெட்டில் சொன்ன அதே வரிசையில் சொன்னார். இங்கே சொல்வதற்கு அதைவிட நேரம் பிடித்தது. இரண்டு இடத்தில் குரல் நின்றுபோனது. டீச்சர் எடுத்துக் கொடுக்கவில்லை, அவரே சொல்லி முடித்தார்.

கோமளா முதலில் புரியாதவள் போலப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த மரியாதை கொஞ்சம் கொஞ்சமாகப் போவதை அவர் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது.

"நான் உங்ககிட்டதானேண்ணா வந்து சொன்னேன்?"

"ஆமாம்மா."

"சொல்றேன்னீங்களே."

"ஆமாம்."

"நான் கத்தினது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல மெதுவாகக் கேட்டாள்.

"அப்படி என்னாண்ணா பார்த்தீங்க?"

அவர் சொல்லப் பார்த்தார். ஆண்ட்ரோமெடா என்றார். ஒரு பெரிய நட்சத்திரக் கூட்டம் என்றார். எவ்வளவோ தூரத்தில் இருக்கிறது, அங்கிருந்து வெளிச்சம் வரவே இருபத்தைந்து லட்சம் வருஷம் ஆகும் என்றார். ஷெட்டில் எத்தனையோ தடவை கண் விரியச் சொன்ன கதைதான். அந்த அறையில் அதைச் சொல்லக் கூசியது.

"அது இன்னும் இருக்குதா?"

"இருக்கும்மா."

"நாளைக்கு?"

"நாளைக்கும் இருக்கும்."

"வர்ற வருஷம்?"

"எப்பவும் இருக்கும். நாம யாரும் இல்லாதப்பவும் இருக்கும்."

கோமளா தன் காலைப் பார்த்தாள்.

"அப்ப ஏண்ணா நின்னீங்க?"

பொன்னுரங்கம் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து கோமளாவின் அம்மா, "காப்பி கொண்டுவரட்டுமாடி?" என்று கேட்டாள்.

"வேணாம்மா. அவங்க கிளம்பறாங்க" என்றாள் கோமளா. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இருவரும் தெருவுக்கு வந்தார்கள். இருட்டத் தொடங்கியிருந்தது. பள்ளத்தை மண் போட்டு மூடியிருந்தார்கள். கம்பெனி பஸ் வந்து நின்று நாலைந்து பெண்களை இறக்கிவிட்டுப் போனது. அவர்கள் டிபன் பைகளோடு பேசிக்கொண்டே கடந்து போனார்கள்.

பொன்னுரங்கம் நின்றார்.

"டீச்சர், நீங்க எவ்வளவோ சொல்லிக் கொடுத்திருக்கீங்க. அவ கேட்டதுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்கணும்?"

டீச்சர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கும் அதான் யோசனை சார். அன்னிக்கு அந்தக் குழாயில என் கண்ணு இருந்திருந்தா, நானும் நின்னிருப்பேன்."